தூரக்கண்ணாடிக்கு வைத்த சந்தனம்

தனுஷ்கோடி முதலாளியின் பருத்திக்கடை மாடியில் நான் ஏறி உட்கார்ந்தது இடுப்பு போனதால்தான். அதற்கு முன் பதினாறு வருஷம் அதே கடையில் மூட்டை தூக்கினேன். ஒரு மழைநாளில் லாரிக்கும் குடோனுக்கும் நடுவே போட்டிருந்த பலகை வழுக்கி, முதுகில் இருந்த மூட்டையோடு விழுந்தேன். மூன்று மாதம் கழித்து எழுந்து நடக்க முடிந்தது. ஆனால் சுமைக்குக் குனிந்தால் இடது கால் தானாக மடங்கிவிடும். இனி வீட்டில் இரு என்று முதலாளி சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"ஏலே ஆண்டிச்சாமி, ஒனக்கு இடுப்புதானே போச்சு? கண்ணு இருக்குல்ல? மேல ஏறு."

காரியாபட்டியில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு சுபேதாரிடம் அவர் ஒரு தூரக்கண்ணாடி வாங்கியிருந்தார். கறுப்புத் தோல் உறை, கழுத்தில் மாட்ட வார், முன்பக்கம் இரண்டு பெரிய கண்ணாடி, பின்பக்கம் கண்ணை வைத்துப் பார்க்க இரண்டு சின்னக் கண்ணாடி. இங்கிலீஷில் பைனாகுலர் என்பார்களாம். எங்கள் கடையில் அது தூரக்கண்ணாடி.

அதற்கு வேலை இருந்தது. அருப்புக்கோட்டையில் பருத்தி வாங்குகிற கடைகள் பல. மாசி பிறந்தால் கிழக்கே திருச்சுழி ரோட்டில் பருத்தி வண்டிகள் வரும். ஊர் எல்லைப் புளியமரத்தடியில் எல்லாக் கடை ஆட்களும் காத்திருப்பார்கள். யார் முதலில் வண்டியை நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்து, ஊர் நலம் விசாரிக்கிறானோ அவன் கடைக்கு வண்டி போகும். எங்கள் முதலாளி புளியமரம் வரை காத்திருக்க விரும்பவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் கரிசல் காடு தட்டையாக விரிந்து ரோடு இரண்டு மைலுக்குத் தெரியும். மாட்டின் கொம்பை வைத்தும், ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிற தோரணையை வைத்தும் யார் வண்டி என்று நான் சொல்லிவிடுவேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்த ஆசையில் அந்தப் பேரைச் சுண்ணாம்புக் கட்டியால் கைப்பிடிச் சுவரில் எழுதியும் வைப்பேன். கீழே சைக்கிளோடு வெள்ளத்துரை நிற்பான். மூட்டை தூக்குகிறவர்களில் அவன்தான் இளவட்டம். சைக்கிளில் ரப்பர் உருண்டை வைத்த ஆரன் ஒன்று மாட்டியிருந்தான். நான் பேரைச் சொன்னதும் அந்த உருண்டையைப் பிதுக்கி 'பாம் பாம்' என்று ஊருக்கே சொல்லிவிட்டுப் பறப்பான்.

உச்சி வெயிலில் வண்டி வராது. அந்த நேரத்தில் கண்ணாடியை வைத்து என்னென்னவோ செய்து பார்த்தேன். திருப்பிப் பிடித்து, பெரிய கண்ணாடிப் பக்கம் கண்ணை வைத்தால் எதிர்க்கடை தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. அப்படித் திருப்பிப் பிடித்தபடியே ஒருநாள் குனிந்தேன். சின்னக் கண்ணாடி சுவருக்கு ஒரு விரல் கனத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, மங்கலாக இருந்தது சட்டென்று தெளிந்தது. சுவரில் ஒரு எறும்பு நின்றுகொண்டிருந்தது. பெருச்சாளி அளவு. முன்னங்காலால் தன் மீசையை நீவிவிட்டுக்கொண்டிருந்தது. பயந்து கண்ணாடியை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்துப் பார்த்தேன். தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருகிற சாமான், திருப்பினால் சின்னதைப் பெரிதாக்குகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. வண்டி பார்க்கச் சொன்னால் எறும்பு பார்க்கிறான் என்பார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் மாசி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. முதல் வண்டி வருவதற்கு முன்னால் கடையில் வருஷா வருஷம் செய்கிற பூசை. தராசு, எடைக்கற்கள், மூட்டைக் கொக்கி, சைக்கிள் எல்லாவற்றையும் பிள்ளையார் படத்துக்கு முன் வரிசையாக வைத்தோம். தூரக்கண்ணாடியும் வரிசையில் இருந்தது. முதலாளி வீட்டுச் சௌந்தரம் அம்மா கல்லில் அரைத்த சந்தனக் கிண்ணத்தோடு வந்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனார்கள். தூரக்கண்ணாடியிடம் வந்ததும் நின்றார்கள்.

"இதுக்கு நெத்தி எங்கடா இருக்கு ஆண்டிச்சாமி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே முடிவு செய்தார்கள். "ரெண்டு கண்ணும் இம்புட்டுப் பெருசா இருக்கு. அதுலயே வைப்போம்."

கட்டை விரல் அகலத்துக்கு, பெரிய கண்ணாடி இரண்டின் நட்டநடுவிலும் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். சாமிக்கு வைக்கிற சந்தனத்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

பூசை முடிந்ததும் முதலாளி மதுரைக்குப் புறப்பட்டார். மில்காரர்களிடம் காட்டுவதற்குப் பஞ்சுப் பொட்டலங்கள் பையில் இருந்தன.

"நாளைக்குக் காலைல மொத வண்டி வருதுன்னு தகவல். நானும் காலைல மொத பஸ்ஸுல வந்துருவேன். கண்ணாடியத் தொடச்சு வை" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "கண்ணாடி மங்குச்சுன்னா மேல ஒனக்கு என்னலே சோலி?" என்றார்.

அவருக்கு அது சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே எனக்கு ஒரு சோலியும் கிடையாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"எத வச்சுத் தொடைக்க, மொதலாளி?"

"பஞ்சுக்கடைல நின்னுக்கிட்டு கேக்குற கேள்வியப் பாரு." ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்து என்னிடம் கொடுத்தார். "மொத நம்பரு. மில்லுக்காரனே கன்னத்துல வச்சுப் பாத்துட்டுக் கண்ணு சொக்கிப் போவான்."

பஞ்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது வெள்ளத்துரை கண்ணாடியை மடியில் வைத்துப் பித்தளைச் செம்பைத் துலக்குவதுபோல வலது கண்ணை வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, குடுறா அத!"

"நாலு தேய்ப்புண்ணே. இதுக்குப் போயி அரமணி நேரம் கை கழுவுறே. பாரு, பளிச்சுன்னு ஆயிருச்சு."

பளிச்சென்றுதான் இருந்தது. வெளியே எடுத்துப்போய் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். அந்தக் கண்ணாடியின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாயம் மெல்லிசாக ஓடும். சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இடது கண்ணில் சந்தனத்தைச் சுற்றி அந்த நிறம் இருந்தது. வலது கண்ணில் நடுவில் அது இல்லை. அங்கே பொடிப்பொடியாகக் கோடுகள், களத்தில் சூடடிக்கும் மாடு சுற்றிச் சுற்றி வந்த தடம் மாதிரி.

மாடிக்கு ஏறி வலது கண்ணால் ரோட்டைப் பார்த்தேன். நடு வெயிலில் ரோட்டின்மேல் பனி இறங்கியதுபோல வெள்ளையாக இருந்தது.

பின்னாலேயே ஏறி வந்த வெள்ளத்துரையும் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"அண்ணே, பஞ்சுதானண்ணே! பச்சப்புள்ளைக்குத் தலைக்கு வைக்கிறது. அது போயி கண்ணாடியக் கீறுமா?"

எனக்கும் அதுதான் தலையைக் குடைந்தது. சோலி போய்விடும் என்ற பயம் ஒருபக்கம் இருக்கட்டும். மெத்தென்று இருக்கிற பஞ்சு கண்ணாடியை எப்படிக் கீறும்? பஞ்சைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தேன். கண்ணாடியைத் திருப்பினேன். சந்தனம் போன வலதுபக்கம் கண்ணை வைத்து, எறும்பைப் பார்த்ததுபோலக் குனிந்தேன்.

வடக்கயிறுகள் சிக்கிக் கிடக்கிற மாதிரி பஞ்சு தெரிந்தது. கயிறுகளுக்கு நடுவே நொறுங்கிய இலைத் தூள். அப்புறம் மணல். ஒன்றல்ல, இரண்டல்ல. கல்லுப்பு மாதிரி முனைமுனையாக, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு கயிறுகளில் தொற்றியிருந்தது.

"நீ பாரு."

வெள்ளத்துரை வைத்த கண்ணை எடுக்கவில்லை. "யப்பே! எங்கூருக் கண்மாய்க் கரையில கெடக்குற பாறையெல்லாம் ஒங் கையில கெடக்கு!" என்றான்.

இடது கண்ணில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டின் ஓரத்திலிருந்து நகம் படாமல் ஒரு துணுக்கு உதிர்த்து அதையும் பார்த்தோம். மரத்தூளுக்கு இடையே சாம்பல் நிறத்தில் பொடிக்கல். சந்தனம் அரைத்த கல்லே கரைந்து வந்திருக்கிறது. வெள்ளத்துரை மணலைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லைக் கண்ணாடிமேல் தேய்த்திருக்கிறான்.

"நாந்தான்னு சொல்லிராதண்ணே" என்றான். பிறகு குரலைத் தணித்து, "இன்னொரு கண்ணு இருக்குல்ல?" என்று கேட்டான்.

அந்த இன்னொரு கண்ணில்தான் என் பிழைப்பு இருந்தது. உறையில் போட்டு, துண்டில் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீடு இரண்டு தெரு தள்ளி.

என் பெண்சாதி கருத்தம்மாள் அடுப்படியில் இருந்தாள்.

"என்னய்யா, பட்டப்பகல்ல கடைச் சாமானத் தூக்கிட்டு வந்துட்டே? வெரட்டி விட்டுட்டாகளா?"

"இன்னும் இல்ல. நாளைக்குக் காலைல வெரட்டுவாக." நடந்ததைச் சொன்னேன். இடது கண்ணைக் காட்டினேன். "இது மேல இருக்கிற சந்தனத்த எடுக்கணும். ஆனா தேய்க்கக் கூடாது. என்ன செய்யிறதுன்னு தெரியல."

அவள் சந்தனத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "களையெடுக்கும்போது எங்கண்ணுல மண்ணு விழுந்தா நான் பஞ்ச வச்சாய்யா தேய்க்கேன்? ஊதச் சொல்லுவேன், தண்ணிய விட்டுக் கண்ணச் சிமிட்டுவேன். போன வருசம் கண்ணு நோவு வந்து ஒனக்கு எம ரெண்டும் ஒட்டிக்கெடந்துச்சே, பிச்சா எடுத்தேன்? ஈரத் துணிய வச்சு ஊறப் போட்டேன்ல? இதுவும் கண்ணுதானே?"

பதினாறு வருஷம் பஞ்சோடு கிடந்த எங்கள் யாருக்கும் தோன்றாதது.

இருந்தாலும் நேராகக் கண்ணாடியில் கைவைக்கத் துணிவில்லை. உடைந்த ராந்தல் சிம்னித் துண்டுகள் சில குப்பையில் கிடந்தன. கழுவி எடுத்து, எங்கள் வீட்டுச் சந்தனத்தையே குழைத்து அதில் பொட்டு வைத்துக் காயப் போட்டேன். முதலில் தண்ணீர். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டதும் வெள்ளை வட்டம் பூத்தது. குடத்திலிருந்த நல்ல தண்ணீரும் காய்ந்தபின் லேசாகத் தடம் விட்டது. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. கருத்தம்மாள் மூடியைத் தூக்கியபோது அடியிலிருந்து ஆவி நீர் சொட்டியது. ஆவியில் உப்பு ஏறி வருமா? மூடியைக் கையிலிருந்து பிடுங்கி, சொட்டைச் சிம்னித் துண்டில் விட்டேன்.

"இன்னிக்கு சோறு வெந்தாப்பிலதான்" என்றாள்.

காய்ந்த பிறகு பார்த்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் விட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அரிசி போட விடாமல் அந்த உலைத் தண்ணீரையே கொதிக்க வைத்து, மூடியிலிருந்து அரை டம்ளர் சேர்த்தேன். சேர்வதற்குள் கை வலித்துவிட்டது.

அடுத்தது துணி. பக்கத்து வீட்டு நெசவாளி கொடுத்த புதுத் துண்டு ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதைச் சிம்னியில் ஒற்றினால் நூலுக்குப் போட்ட கஞ்சி இழுகியது. என் பழைய வேட்டி, பத்து வருஷம் துவைத்துத் துவைத்து நூல் நைந்தது, ஒரு முழம் கிழித்தேன். அதையும் நம்பாமல் வெந்நீரில் அலசி, கொடியில் போட்டால் புழுதி ஒட்டும் என்று பானைக்குள்ளேயே மூடிக் காயவைத்தேன். கருத்தம்மாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நம்ம மூத்தவளுக்குப் பிரசவம் பாக்கையில கூட இம்புட்டுச் சுத்தம் பாக்கல" என்றாள்.

ஊதுவதற்குத்தான் வழி தெரியவில்லை. வாயால் ஊதினால் வெற்றிலை எச்சில் தெறிக்கும். அந்த நேரத்தில் வாசலில் சைக்கிள் நின்றது. வெள்ளத்துரை. கையில் ஆரனின் ரப்பர் உருண்டையைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தான்.

"காத்து வேணுமாண்ணே? இது நல்லா ஊதும்."

அவன் அந்த ஆரனைத் தொட யாரையும் விட்டதில்லை. வாங்கிக்கொண்டேன். உருண்டையை அலசி, ஈரம் போக உலரவைத்துப் பிதுக்கிப் பார்த்தேன். கன்னத்தில் சுத்தமான காற்று அடித்தது.

இடது கண்ணைச் சாய்த்துப் பிடித்து, முதலில் ஊதினேன். உதிரியாக நின்ற குங்குமத் தூள் எல்லாம் பறந்தது. பிறகு கண்ணாடியை முகம் கீழே பார்க்கக் கவிழ்த்துப் பிடித்தேன். தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடக் கூடாது. துணித் துண்டை ஆவித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சொட்டாத ஈரமாக, சந்தனத்தின்மேல் வைத்தேன். தேய்க்கவில்லை, அழுத்தவுமில்லை. கருத்தம்மாள் நூறு எண்ணினாள். துணியை எடுத்தால் மஞ்சளாகச் சந்தனம் துணியோடு வந்திருந்தது. அதைத் தூரப் போட்டுவிட்டு அடுத்த துண்டு. அப்புறம் அடுத்தது. ஒருதடவை வைத்ததை மறுபடி வைக்கவில்லை. ஏழாவது துண்டில் மஞ்சள் இல்லை.

அதன் பிறகுதான் வாயைக் கொப்பளித்துவிட்டு, லேசாக ஆவி படிய வாய்மூச்சை விட்டு, உலர்ந்த துணியின் எடையே போதும் என்று, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தேன். துணியைப் புரட்டி இன்னொரு இழுப்பு.

வாசல் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். கத்தரிப்பூ நிறம் நடுவிலும் ஓரத்திலும் ஒரே சீராக இருந்தது. ஒரு கோடு இல்லை.

"இருக்குதாய்யா?" என்றாள் கருத்தம்மாள்.

"இருக்கு."

"அப்ப நான் ஒலையில அரிசி போடலாமா?"

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். பொழுது ரோட்டுக்கு நேர் எதிரே கிளம்பியது. சூரியன் பக்கம் தூரக்கண்ணாடியை மறந்தும் திருப்பக் கூடாது, கண் அவிந்துவிடும். அது பனைமரத்துக்கு மேல் ஏறும்வரை பொறுத்திருந்தேன். கீறல் விழுந்த வலது கண்ணில் வெளிச்சம் பட்டுச் சிதறி, இடது கண் காட்டுவதையும் மறைத்தது. கருத்தம்மாள் கொடுத்த டப்பா மூடியால் வலதை அடைத்தேன். ஒற்றைக் கண்ணால் ரோட்டைத் தடவிக்கொண்டே போனேன்.

ஒன்றரை மைலில் புழுதி. புழுதிக்கு முன்னால் இரண்டு ஜோடி மாடு. முன் வண்டியில் வலத்து மாட்டுக்கு ஒரு கொம்பு மட்டும் கீழே வளைந்திருந்தது.

"எம்.ரெட்டியபட்டி பால்ச்சாமி! ரெண்டு வண்டி!" என்று கீழே கத்தினேன்.

வெள்ளத்துரை சைக்கிளில் ஏறினான். பழக்கத்தில் கை ஆரனுக்குப் போனது. அங்கே உருண்டை இல்லை, என் உறையில் இருந்தது. ஒரு நொடி விழித்தான். பிறகு வாயாலேயே 'பாம் பாம்' என்று கத்திக்கொண்டு தெருவைப் பிளந்துகொண்டு போனான். புளியமரத்தடி ஆட்கள் சிரித்து முடிப்பதற்குள் அவர்களைத் தாண்டியிருப்பான்.

முதலாளி வந்து சேர்ந்தபோது பால்ச்சாமியின் வண்டிகள் கடை வாசலில் அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. சந்தோஷமாக மாடிக்கு ஏறி வந்தார். "கொண்டாலே பாப்போம்" என்று கண்ணாடியை வாங்கி, மூடியைத் தட்டிவிட்டு இரண்டு கண்ணையும் வைத்தார்.

"என்னலே இது, வலதுல பொகையா இருக்கு? எவன் தொடச்சது?"

படிக்கட்டில் பாதி ஏறியிருந்த வெள்ளத்துரை அங்கேயே நின்றுவிட்டான்.

"ஒங்க மொத நம்பரு பஞ்சு தொடச்சது, மொதலாளி" என்றேன்.

"எகத்தாளமா?"

"இல்ல மொதலாளி. கொஞ்சம் பாருங்க." நேற்றைய பஞ்சில் மிச்சம் மடியில் வைத்திருந்தேன். உள்ளங்கையில் பரப்பி, கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து, எவ்வளவு குனிய வேண்டும் என்று காட்டினேன். முதலாளி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"மணலு" என்றார்.

"ஆமா."

"கண்ணால பாத்தா பாலா இருக்கு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

அவர் நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இல்லை. வியாபாரக் களை வந்திருந்தது. படிக்கட்டைப் பார்த்து, "வெள்ளத்துரை, பால்ச்சாமி வண்டியிலேருந்து ஒரு பிடி பருத்தி கொண்டா" என்றார். கீழே பால்ச்சாமி துண்டைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தபடி டீக்காகக் காத்திருந்தார். முதலாளி என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் உறங்கும்போது எழுந்து மாடு பூட்டி வந்த மனுஷனிடம், உன் பருத்தியில் மணல் என்று காட்டி விலையைக் குறைப்பதற்கு நான்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பருத்தி வந்தது. அதை என் இன்னொரு உள்ளங்கையில் வாங்கி நீட்டினேன். முதலாளி பார்த்தார். "இந்தா இருக்கு! இதுலயும் கெடக்கு!"

"அதுல எம்புட்டுக் கெடக்குதோ அதே அளவு இதுலயுந்தான் கெடக்கு மொதலாளி" என்று பஞ்சு இருந்த மற்றக் கையை நீட்டினேன். "ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. இது மில்லுக்குப் போறது. ஒரே கரிசக்காட்டுக் காத்து. பால்ச்சாமி கொல்லையிலயும் அடிக்குது, நம்ம குடோன்லயும் அடிக்குது."

முதலாளி இரண்டு உள்ளங்கைகளுக்கும் மாறி மாறிக் குனிந்தார். பால்ச்சாமிக்கு இதைக் காட்டினால் மதுரை மில்காரனும் ஒருநாள் ஒரு கண்ணாடியோடு வருவான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தூரக்கண்ணாடியைச் சரியான பக்கம் திருப்பி என் கழுத்திலேயே மாட்டிவிட்டார்.

"நான் இத தூரமா பாக்கத்தான் வாங்குனேன். கிட்டப் பாக்குற சோலி நமக்கு வேண்டாம்" என்றார். "ஒத்தக் கண்ணு போதுமாலே ஒனக்கு?"

"போதும், மொதலாளி."

"அப்ப மேலேயே இரு. வேற எவனும் இதத் தொடக்கூடாது." இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

அடுத்த வருஷம் பூசையில் சௌந்தரம் அம்மா தோல் உறைக்குப் பொட்டு வைத்தார்கள். ஆவித் தண்ணீர் ஒரு சின்னச் சீசாவிலும், வேட்டித் துண்டுகள் ஒரு டப்பாவிலும், உறைக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். ரப்பர் உருண்டையும்தான். திருப்பித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொன்னேன். வெள்ளத்துரை வாங்கவில்லை. உச்சி வெயிலில் வண்டி இல்லாத நேரம் பார்த்து மேலே வருவான். வண்டி அச்சு மசியையோ, தீக்குச்சி மருந்தையோ, தன் தலைப் பேனையோ கொண்டுவந்து, "இத வச்சுப் பாருண்ணே" என்பான்.

கீறல் விழுந்த அந்த மாசி முழுக்க அவன் வாயாலேயே 'பாம் பாம்' போட்டுக்கொண்டு போனான். பங்குனிக்குள் திருச்சுழி ரோட்டில் வருகிற வண்டிக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டால் தாங்களாகவே மாட்டைப் பிடித்து நிறுத்தினார்கள்.